இருநூறு மணி நேரத்துக்கு ஒரு சாக்கு

கல்யாணத்துக்காக அனுப்பும் பயோடேட்டாவில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு வரி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் 'புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது, பயணம்' என்று எழுதியிருப்பார்கள். பெண் வீட்டாரும் அதையேதான் எழுதியிருப்பார்கள். இரண்டு தாளையும் அருகருகே வைத்தால் அப்படியொரு பொருத்தம். பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரியைப் படித்து யாரும் யாரையும் தெரிந்துகொண்டதாகச் சரித்திரம் இல்லை.

கல்லூரியின் முதல் நாள், புது அலுவலகத்தின் மதியச் சாப்பாடு, புதிதாகக் குடிபோன அடுக்குமாடியின் லிஃப்ட் என்று எங்கே போனாலும் இதே கேள்வி வருகிறது. "லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" இது வெறும் சம்பிரதாயமா, இல்லை மனிதர்கள் நெருங்கிப் பழகுவதில் இதற்கு உண்மையாகவே ஏதேனும் வேலை உண்டா? சமூக உளவியலாளர்கள் இதை எழுபது ஆண்டுகளாகத் துருவி வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை நாம் எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

பேச்சு வருவதற்கு முன்பே

முதலில், பதினோரு மாதக் குழந்தையிடமிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நேஹா மகாஜன், கேரன் வின் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அது 2012-இல் வெளியானது. குழந்தையின் முன் இரண்டு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வகைத் தின்பண்டம். குழந்தை எதை எடுக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு இரண்டு கைப்பொம்மைகள் வரும். ஒரு பொம்மை ஒரு தின்பண்டத்தைத் தின்று 'ம்ம், நல்லாயிருக்கு' என்பதுபோல் சப்புக்கொட்டும். மற்றதை 'சீ' என்று ஒதுக்கும். இன்னொரு பொம்மை நேர்மாறாகச் செய்யும். கடைசியில் இரண்டு பொம்மைகளையும் குழந்தையிடம் நீட்டுவார்கள். பெரும்பாலான குழந்தைகள் தங்களைப் போலவே தேர்ந்தெடுத்த பொம்மையின் பக்கம்தான் கையை நீட்டின.

ஒரு வார்த்தைகூடச் சரியாகப் பேசத் தெரியாத வயது அது. 'எனக்குப் பிடித்தது உனக்கும் பிடிக்கிறது' என்பது அந்த வயதிலேயே கணக்கில் வந்துவிடுகிறது. இனம் இனத்தோடு சேரும் என்று பெரியவர்கள் சொல்வதன் வேர் அவ்வளவு ஆழம்.

மிச்சிகனில் ஒரு வீடு

பெரியவர்களிடம் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, தியோடர் நியூகோம் என்ற உளவியலாளர் 1950-களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு வீட்டையே ஆய்வுக்கூடமாக்கினார். ஒருவரையொருவர் முன்பின் அறியாத 17 மாணவர்களை அதில் குடிவைத்தார். வாடகை இல்லை. பதிலுக்கு, வாரந்தோறும் அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். யாரை உனக்கு எவ்வளவு பிடிக்கிறது, எதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்ற மாதிரிக் கேள்விகள். அடுத்த ஆண்டு இன்னொரு குழுவை வைத்து மறுபடியும் செய்து பார்த்தார்.

ஆரம்ப வாரங்களில் அறை அருகருகே அமைந்தவர்கள் பழகினார்கள். பக்கத்துப் படுக்கைக்காரனோடு பேசாமல் எப்படி இருப்பது? ஆனால் மாதங்கள் ஓட ஓட, யாருடைய கருத்துகளும் மதிப்பீடுகளும் ஒத்துப்போயினவோ அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். குடிவருவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்த பதில்களைப் பார்த்து, யார் யாரோடு சேர்வார்கள் என்று ஓரளவு சொல்ல முடிந்தது.

ஆக, ஒத்த ரசனை இருந்தால் நட்பு தானாக வந்துவிடும் என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் ஒரு திருப்பம். 2008-இல் மத்தேயு மொன்டோயாவும் உடன் ஆய்வாளர்களும் இந்தத் துறையில் அதுவரை நடந்த 313 ஆய்வுகளை மொத்தமாக எடுத்து அலசினார்கள். முன்பின் தெரியாத இருவரிடையே உண்மையான ஒற்றுமைக்கு நல்ல செல்வாக்கு இருந்தது. பழக்கம் வளர வளர அது தேய்ந்தது. ஏற்கெனவே நிலைத்துவிட்ட உறவுகளில் அதன் தடயமே பெரிதாக இல்லை. அங்கே வேலை செய்தது, 'நாங்கள் ஒரே மாதிரி' என்று இருவரும் நம்புவது மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முப்பது வருட நண்பர்கள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிரிக்கெட் பைத்தியம். இன்னொருவருக்கு ஓவர் என்றால் ஆறு பந்து என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. கேட்டால், 'எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டேஸ்ட்' என்பார்கள். ஒத்த விருப்பம் அவர்களைத் தொடக்கத்தில் சேர்த்துவைத்திருக்கலாம். முப்பது வருடம் கட்டிக்காத்தது வேறொன்று. அந்த வேறொன்று என்ன என்பதற்கு வருவதற்கு முன், ரசனை என்ற தகவல் நமக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

பாட்டுக்குப் பின்னால் இருப்பது

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரென்ட்ஃப்ராவும் சாம் காஸ்லிங்கும் அறிமுகமில்லாத மாணவர்களை ஜோடி சேர்த்து, ஆறு வாரம் இணையத்தில் பேசிப் பழகச் சொன்னார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அந்த ஜோடிகள் மிக அதிகமாகப் பேசியது இசையைப் பற்றி. சினிமா, புத்தகம், விளையாட்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான். 2006-இல் வெளியான இதே ஆய்வின் இன்னொரு பகுதியில், ஒருவருக்குப் பிடித்த பத்துப் பாடல்களை மட்டும் முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்து, அவருடைய குணத்தை ஊகிக்கச் சொன்னார்கள். புதியவற்றை ஏற்கும் மனம் ஒருவருக்கு எவ்வளவு உண்டு என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டே கணிசமாகச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

டயானா போயர் தலைமையில் 2011-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. ஜெர்மனியிலும் ஹாங்காங்கிலும் நடந்த ஆய்வு அது. ஒரே வகை இசையை விரும்புகிறவர்கள் ஏன் ஒட்டிக்கொள்கிறார்கள்? இசை ரசனை ஒத்துப்போனால், வாழ்க்கையில் எது முக்கியம் என்ற மதிப்பீடுகளும் ஒத்துப்போகும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த மதிப்பீட்டு ஒற்றுமையே ஈர்ப்பை உண்டாக்குகிறது என்பது அவர்கள் கண்ட விடை. ஆக, பிடித்த பாட்டு எது என்று கேட்கும்போது நாம் பாட்டை விசாரிப்பதில்லை, ஆளை விசாரிக்கிறோம்.

பயோடேட்டா வரி ஏன் பயன்படுவதில்லை என்பதற்கும் ஆய்வு உலகில் பதில் உண்டு. எல்லோருக்கும் பிடித்த ஒன்று உங்களுக்கும் பிடித்தால் அதில் செய்தி ஏதுமில்லை. அபூர்வமான விருப்பம் ஒத்துப்போனால்தான் நிமிர்ந்து உட்காருகிறோம். நடாலியா வெலெஸ் குழுவினரின் 2019 ஆய்வும், அதற்கு முந்தைய ஆண்டு ஹான்ஸ் ஆல்வெஸ் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டின. பரவலான விருப்பத்தைப் பகிர்கிறவரைவிட, அரிதான விருப்பத்தைப் பகிர்கிறவரோடு பழக மக்கள் அதிகம் விரும்பினார்கள். 'எனக்கு இளையராஜா பிடிக்கும்' என்றால் தமிழ்நாட்டில் அது ஒரு தகவலே அல்ல. 'எனக்குத் தவில் தனி ஆவர்த்தனம் பிடிக்கும், அதைக் கேட்கவே திருவிழாவுக்குப் போவேன்' என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். அதே பித்துப் பிடித்தவர் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவார்.

சேர்ந்து பார்க்கும்போது

இனி அந்த 'வேறொன்று'.

எரிகா பூத்பி என்ற ஆய்வாளர் யேலில் செய்த சாக்லேட் சோதனை இது, 2014-இல் வெளியானது. ஒரு அறையில் இருவர். ஒருவர் சோதனைக்கு வந்தவர், இன்னொருவர் ஆய்வாளர்களின் ஆள். ஒருமுறை இருவரும் ஒரே நேரத்தில் சாக்லேட்டைச் சுவைத்தார்கள். இன்னொரு முறை வந்தவர் சாக்லேட் சாப்பிட, மற்றவர் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனாலும் சேர்ந்து சாப்பிட்டபோது சாக்லேட் கூடுதல் ருசியாக இருந்ததாக வந்தவர்கள் சொன்னார்கள். கசப்புச் சாக்லேட்டை வைத்துச் செய்தபோது, சேர்ந்து சாப்பிட்டதில் கசப்பு இன்னும் மோசமாகப் பட்டது. ஒரே பொருளின் மேல் இரண்டு பேர் கவனம் விழுந்தால், நல்லதோ கெட்டதோ, அனுபவம் அழுத்தமாகிறது.

சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகக் காலையில் போனால் இதை நேரில் பார்க்கலாம். முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கிக்குப் பின்னால் ஒருவர் குனிந்திருப்பார். பக்கத்தில் நிற்பவர் அவருக்கு முன்பின் பழக்கமில்லாதவராகக்கூட இருக்கலாம். "அந்தக் கோரைக்கு இடது பக்கம் பாருங்க. நெத்தியில வெள்ளையா நாமம் போட்ட மாதிரி..." "நாமக்கோழியா?" "அதேதான். அதுக்குப் பின்னாடி பாருங்க, நீலமா ஒண்ணு." "அட, நீலத் தாழைக்கோழி!" அவ்வளவுதான் பேச்சு. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. ஒருவர் கண்ணைக் கொண்டு இன்னொருவர் பார்த்துவிட்டார். எலிசபெத் பைனல் என்ற உளவியலாளர் 2006-இல் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கணத்தைத்தான் குறிவைத்தன. பின்னணி ஒத்துப்போகிறதா என்பதைக் காட்டிலும், ஒரே கணத்தில் ஒரே மாதிரி உணர்ந்தோமா என்பதே அன்னியர்களை நெருங்கவைப்பதில் வலுவாக நின்றது.

நண்பர்களின் மூளையே இப்படி ஒத்திசைகிறது என்பதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கேரலின் பார்கின்சனும் சக ஆய்வாளர்களும் 42 மாணவர்களை, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, எல்லோருக்கும் ஒரே வீடியோத் துண்டுகளை ஒரே வரிசையில் காட்டினார்கள். நண்பர்களின் மூளைகள் அந்தக் காட்சிகளுக்கு ஒன்றுபோல் எதிர்வினை செய்தன. நண்பரின் நண்பர், அவருக்கும் நண்பர் என்று தூரம் கூடக் கூட ஒற்றுமை குறைந்தது. 2018-இல் வெளியான இந்த ஆய்வைக் கொண்டு மட்டும், ஒரே மாதிரி பார்ப்பதால் நண்பர்களானார்களா, நண்பர்களானதால் ஒரே மாதிரி பார்க்கிறார்களா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எந்தப் பொழுதுபோக்கு சீக்கிரம் சேர்த்துவைக்கும்? இதற்கும் ஒரு சுவையான விடை உண்டு. இங்கிலாந்தில் வயது வந்தோர் கல்வி வகுப்புகளில் சிலர் பாட்டு வகுப்பிலும், சிலர் கைவினை வகுப்பிலும், சிலர் எழுத்துப் பயிற்சியிலும் சேர்ந்தார்கள். எல்லோருமே புதியவர்கள். எய்லுனெட் பியர்ஸ், ஜாக் லானே, ராபின் டன்பர் ஆகியோர் ஏழு மாதம் இவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாடுகிறவர்கள் முதல் மாதத்திலேயே மளமளவென்று நெருங்கிவிட்டார்கள். சேர்ந்து மூச்சிழுத்து, சேர்ந்து குரலெடுத்துப் பாடும்போது கூச்சம் முதல் நாளே போய்விடுகிறது. ஆனால் ஏழாவது மாத முடிவில் மூன்று வகை வகுப்புகளும் ஒரே அளவு நெருக்கத்துக்கு வந்திருந்தன. பின்னுவதாக இருந்தாலும் சரி, எழுதுவதாக இருந்தாலும் சரி, வாராவாரம் வந்து உட்கார்ந்தவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள்.

எத்தனை மணி நேரம்?

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டார். புது ஊருக்குக் குடிபெயர்ந்த 355 பேரிடமும், பிறகு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த 112 மாணவர்களிடமும், புதிதாக அறிமுகமானவரோடு எத்தனை மணி நேரம் கழித்தீர்கள், இப்போது அவர் உங்களுக்கு யார் என்று கேட்டுக் கணக்குப் போட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம். நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லா மணி நேரமும் ஒன்றல்ல என்பது. ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறவில்லை. வேலைக்கு வெளியே சேர்ந்து சுற்றியது, விளையாடியது, சிரித்துப் பேசியது இவைதான் நெருக்கத்தைக் கூட்டின.

இங்கேதான் பொழுதுபோக்கின் உண்மையான வேலை புரிகிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், 'வாங்க, நாம இருநூறு மணி நேரம் சேர்ந்து இருப்போம்' என்று யாராலும் கூப்பிட முடியாது. 'ஞாயித்துக்கிழமை காலையில கேரம் ஆட வர்றீங்களா?' என்று கூப்பிடலாம். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் ஐம்பது மணி நேரம் ஆகிவிடும். இரண்டு வருடத்துக்குள் இருநூறு. கேரம் ஒரு சாக்கு. பறவை, சதுரங்கம், மாடித் தோட்டம், தபால்தலை, கச்சேரி எல்லாமே சாக்குதான். நேரத்தைச் சேர்த்துவைக்க மனிதன் கண்டுபிடித்த அருமையான சாக்கு.

பார்க்காமலேயே சங்க காலப் புலவர் பிசிராந்தையாரும் மன்னர் கோப்பெருஞ்சோழனும் உயிர் நண்பர்களானார்களே என்று நம்மில் யாரேனும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அந்த நட்பை நாம் வியந்து பேசுகிறோம் என்பதே, அது விதி அல்ல, விலக்கு என்பதற்குச் சாட்சி. மற்றவர்களுக்கெல்லாம் மணிக்கணக்குதான்.

எச்சரிக்கையாக ஒரு பக்கம்

ஒத்த விருப்பம் ஆளைச் சேர்க்கும், பிரிக்கவும் செய்யும். ஹென்றி தாஜ்ஃபெலும் சக ஆய்வாளர்களும் 1971-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த பள்ளிச் சிறுவர்களுக்கு பால் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டினார்கள். பிறகு 'நீ க்ளே கட்சி, நீ காண்டின்ஸ்கி கட்சி' என்று பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில். யார் எந்தக் கட்சி என்பதும் மற்றவர்களுக்குத் தெரியாது. அடுத்து, இன்ன கட்சி என்று மட்டும் குறித்த, பெயர் தெரியாத இருவருக்குப் பணம் பங்கிடச் சொன்னார்கள். சிறுவர்கள் தங்கள் கட்சிக்காரருக்குக் கூடக் கொடுத்தார்கள். தங்கள் கட்சிக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் கட்சியோடு உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால் போதும் என்றுகூடப் பலர் பங்கிட்டார்கள். இரண்டு நடிகர்களின் படம் ஒரே நாளில் வெளியாகும்போது நம் ஊர்த் தியேட்டர் வாசலில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இன்னொரு ஆபத்து அவ்வளவு சத்தம் போடாதது. ஏஞ்சலா பான்ஸ் குழுவினர் 2012-இல் கான்சாஸின் பெரிய பல்கலைக்கழகத்தையும் அதே மாநிலத்தின் சிறிய கல்லூரிகளையும் ஒப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான விதவிதமான மாணவர்கள் இருக்கும் பெரிய வளாகத்தில், நண்பர்கள் ஒருவரையொருவர் இன்னும் அதிகமாக ஒத்திருந்தார்கள். ஆள் குறைவான சிறு கல்லூரிகளில் அந்த ஒற்றுமை குறைவு. தேர்ந்தெடுக்க ஆள் நிறைய இருந்தால் நாம் நம்மைப் போன்றவரையே தேடிப்பிடிக்கிறோம். கைப்பேசிக்குள் உலகமே இருக்கும் காலத்தில் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. என் ரசனைக்காரர் மட்டுமே எனக்கு நண்பர் என்றால், புதிதாக ஒன்றைக் கற்றுத்தர ஆளே இருக்காது.

எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது

ஒரு அடுக்குமாடி லிஃப்ட். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், புதிதாகக் குடிவந்த இளைஞர் ஒருவர்.

"லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க தம்பி?"

"பாட்டுக் கேப்பேன் சார்."

"நல்லது." கதவு திறந்துகொள்கிறது. கதை முடிந்தது.

அதே லிஃப்ட், இன்னும் ஒரே ஒரு கேள்வி.

"பாட்டைக் கேப்பீங்களா, நடுவுல வர்ற மியூசிக்கக் கேப்பீங்களா?"

"மியூசிக்தான் சார். எங்கப்பா கேசட் கடை வச்சிருந்தாரு. ஸ்கூல் விட்டு வந்தா கடையிலதான் இருப்பேன்."

"அப்படியா! என்கிட்ட பழைய டேப்ரெக்கார்டர் ஒண்ணு இன்னும் ஓடுது. ஞாயித்துக்கிழமை காலையில வாங்களேன்."

இங்கே மூன்று காரியங்கள் நடந்துவிட்டன. கேட்டவர் பொதுவாக நிறுத்தாமல் நுணுக்கத்துக்குப் போனார். பதில் சொன்னவர் தன் வாழ்க்கையில் ஒரு துண்டை எடுத்து வைத்தார். பதிலுக்குப் பெரியவரும் தன்னுடையதை வைத்தார். இந்தக் கொடுக்கல் வாங்கல் முக்கியம். சூசன் ஸ்பிரெக்கர் குழுவினரின் 2013 ஆய்வில், ஒருவர் முழுக்கக் கேள்வி கேட்டு மற்றவர் முழுக்கப் பதில் சொன்ன ஜோடிகளைவிட, மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்ட ஜோடிகளுக்கே ஒருவரையொருவர் அதிகம் பிடித்தது. ஆர்தர் ஆரன் 1997-இல் 36 கேள்விகளை வைத்துச் செய்த சோதனையும் இதற்குத் துணை நிற்கிறது. அன்னியர்கள் 45 நிமிடம் மாறி மாறிப் பதில் சொல்லி நெருங்கினார்கள். முன்கூட்டியே கருத்தொற்றுமை பார்த்துச் சேர்த்த ஜோடிகள் அப்படிச் சேர்க்காத ஜோடிகளைவிடக் கூடுதலாக ஒன்றும் நெருங்கிவிடவில்லை. நேர்காணல் மாதிரிக் கேட்டுக்கொண்டே போவதும் தவறு. தன் சேகரிப்பைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்வதும் தவறு.

'நான் பேசினது அவருக்குப் பிடிச்சிருக்குமோ என்னமோ' என்ற கூச்சத்தில் பின்வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை பேசிப் பிரிந்தவர்கள், மற்றவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைத் தொடர்ந்து குறைவாகவே மதிப்பிட்டார்கள். இருவருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நினைப்பதைவிட உங்களை மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

இடத்துக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியில் நின்று கால் மணி நேரம் எண்ணினாலும் போதும். முன் அனுபவம் தேவையில்லை. சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-இலிருந்து இயங்குகிறது. பல ஊர்ப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு. எதுவும் இல்லாத ஊரில் ஒரு கேரம் பலகையும் ஒரு திண்ணையும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

ஆகவே, அடுத்த முறை யாராவது உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், 'பாட்டு, புத்தகம்' என்று முடித்துவிடாதீர்கள். எந்தப் பாட்டு, ஏன் அது என்று சொல்லுங்கள். அவருடையதையும் கேளுங்கள். அதோடு நிற்காமல், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே சந்திக்கலாம் என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.